பெரட்டில் கொடுத்த படிவங்கள்

முதுகலைப் பட்டத்துக்குப் பதிவு செய்த நாளில், வேலையையும் படிப்பையும் ஒன்றாகச் சமாளித்துவிடலாம் என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது. திங்கள் முதல் சனி நண்பகல் வரை தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் எழுத்து வேலை. ஞாயிறு விடியுமுன் வட்டவளையில் பஸ் பிடித்தால் கண்டியில் வகுப்பு. பஸ்ஸிலேயே படிப்பேன். வளைவுகளில் குமட்டும், ஜன்னலைத் திறந்து காற்று வாங்கிவிட்டு, விட்ட வரியிலிருந்து தொடர்வேன். இரண்டாம் வருடம் முடி கொட்டியது, யார் பேசினாலும் எரிந்து விழுந்தேன். ஆனாலும் விடவில்லை.

மிஞ்சியிருந்தது ஆய்வு ஒன்றுதான். கொழுந்து பறிக்கும் பெண்களின் உடல்வலி பற்றியது. அவர்கள் வரிசை வரிசையாகக் குடியிருக்கும் லயம் லயமாகப் போய்க் கேள்வி கேட்க எனக்கு ஏது நேரம்? காலையில் எல்லோரும் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்களத்தில் கூடுவார்கள். அங்கே வேலை பிரித்துக் கொடுக்கும் கண்டாக்கையாவிடம் படிவங்களை ஒப்படைத்தேன். நல்ல மனிதர். மாலைக்குள் எல்லாவற்றையும் நிரப்பச் சொல்லி வாங்கி என் மேசையில் வைத்துவிட்டார். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த மாதம் என் ஆய்வு வழிகாட்டி, யாழ்ப்பாணத்து அம்மையார், தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்கட தோட்டத்தில ஒருத்தருக்கும் முதுகு நோகாதோ?"

எல்லாப் படிவங்களிலும் எல்லா வலிக்கும் ‘இல்லை’ என்றே பதில். சுகாதார வசதிகள் பெருகியதுதான் அதற்குக் காரணம் என்று நான் இரண்டு பக்கம் விளக்கம் வேறு எழுதியிருந்தேன்.

"திரும்பப் போய்க் கேளுங்கோ. இன்னும் மூண்டு மாசம்தான் இருக்கு. அதுக்குப் பிறகு உங்கட பதிவு ரத்தாகிடும்."

திரும்பும் வழியெல்லாம் அழுதேன். படிப்பை விட்டுவிடலாம் என்றும் நினைத்தேன். வீட்டுக்கு வந்தபோது அம்மா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். அவரும் எங்கள் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர்தான். படிவம் கொடுத்த அன்று பெரட்டில் நின்றவர்தான்.

"எல்லாரும் பொய் எழுதிக் குடுத்துட்டாங்கம்மா!"

"நானும்தான் இல்லைன்னு போட்டேன்" என்றார், ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி.

"ஏம்மா?"

"பேப்பர கண்டாக்கையா கையால குடுக்குறாரு. வலிக்குதுன்னு அதுல போட்டுட்டு, மறுநாளு அவருகிட்டயே போயி வேலைக்குப் பேரு குடுக்குறதா? இவளுக்கு முடியாதுன்னு ஒதுக்கி வச்சுட்டா என்னா செய்றது?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர்மேல் அல்ல, என்மேல். பதினைந்து வயதுவரை இந்த லயத்தை விட்டு வேறெங்கும் போகாதவள் நான். எனக்கா இது தெரியாமல் போனது? அந்த இரண்டு பக்க விளக்கத்தை எடுத்து அடுப்பில் போட்டேன். மூன்று மாதம் போதும் என்று கணக்குப் போட்டேன். ஆபீஸ் விட்டதும் தினம் ஒரு லயம், சனி பிற்பகலில் இரண்டு. படிவம் வேண்டாம், நானே உட்கார்ந்து பேசுவேன். யாரும் வாய் திறக்காவிட்டால் மறுபடி போவேன்.

நோட்டுப் புத்தகத்தோடு அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"உங்களுக்கு வலி இருக்காம்மா?"

"இப்ப கேக்குறது யாரு, ஆபீஸா?"

"நாந்தாம்மா."

அடுப்பைத் தணித்துவிட்டு முதுகைக் காட்டித் திரும்பி அமர்ந்தார். என் கையைப் பிடித்து இடுப்புக்குச் சற்று மேலே வைத்து அழுத்தினார்.

"இந்தா, இங்க. நீ ஏ.எல். பரீட்சை எழுதுன வருசத்துல இருந்து இருக்கு."

ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதைக் கேட்க எனக்கு ஒரு முதுகலைப் படிப்பு தேவைப்பட்டிருக்கிறது. வெட்கமாக இருந்தது. முதல் பக்கத்தில் ‘ஆம்’ என்று எழுதிவிட்டு, அடுத்த கேள்வியைக் கேட்டேன்.