அலையின் மேல் போட்ட பழி

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு பிப்ரவரி மாதம். திருவொற்றியூரில் கன்டெய்னர் பழுதுபார்க்கும் யார்டு ஒன்றில் நான் வெல்டர். கூட வேலை பார்க்கும் மூன்று பேரோடு அந்தமானுக்குப் போயிருந்தேன். அவர்களில் ஒருவன் என் உயிர் நண்பன், வியாசர்பாடிக்காரன். "ஒருவாட்டியாச்சும் பிளேன்ல ஏறணும் மாமு" என்று அவன் நச்சரித்ததால்தான் அந்தப் பயணமே.

அங்கே ஒரு தீவில் சர்ஃபிங் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு வகுப்புக்கு நாலு பேர்தான். பயிற்சியாளர் அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். முதலில் மணலில் பலகையைப் போட்டு, குப்புறப் படுத்து, கையூன்றி எழுந்து நிற்கப் பழக்கினார். அப்புறம் ஒரே விஷயத்தை மூன்று தடவை சொன்னார்.

"விழும்போது தலைகீழா பாயாதீங்க. அடியில மணல் திட்டு இருக்கு, ஆழம் கிடையாது. முதுகு தண்ணில படற மாதிரி விழுங்க. ரெண்டு கையாலயும் தலைய மூடிக்கங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் காசிமேட்டு மீனவர் குப்பத்தில் பிறந்தவன். கடலில் விழுவதற்கு எனக்கு ஒருத்தர் பாடம் நடத்தணுமா?

நண்பனுக்கு நீச்சல் தெரியாது. இடுப்பளவுத் தண்ணீரிலேயே என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆனால் சொன்னபடியே செய்தான். பத்துப் பதினைந்து தடவை மல்லாந்து விழுந்த பிறகு, ஒரு அலையில் அப்படியே எழுந்து நின்றுவிட்டான். "நின்ட்டேன் மாமு! பாத்தியா, நின்ட்டேன்!" அவன் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

அதோடு கரையேறியிருக்கலாம். பயிற்சியாளர் இன்னொருவனின் காலில் சிக்கிய பலகைக் கயிற்றை எடுத்துவிடப் போயிருந்தார். எனக்கு வித்தை காட்டும் ஆசை. அடுத்த அலையில் ஏறி நின்று, இரண்டு கையையும் சேர்த்துத் தலைகீழாகப் பாய்ந்தேன். சின்ன வயதிலிருந்து பழக்கம்; மணலில் படாமல் வளைந்து மேலே வந்துவிட்டேன்.

"இப்டி வுழு மாமு. இன்னாத்துக்கு மல்லாந்து மல்லாந்து வுழுந்துகினு கீற?"

அடுத்த அலையில் அவன் அப்படியே பாய்ந்தான். எழுந்திருக்கவில்லை. விளையாடுகிறான் என்று நினைத்து நான் கைதட்டிச் சிரித்தேன். பயிற்சியாளர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடிவந்து, கழுத்து அசையாமல் அவனைத் திருப்பியபோதுதான் முகத்தைப் பார்த்தேன். கண் திறந்திருந்தது.

"மாமு, என் காலு எங்க கீது?" என்றான்.

கழுத்தெலும்பு நொறுங்கித் தண்டுவடம் நசுங்கியிருந்தது. அங்கே ஆபரேஷன், அப்புறம் சென்னை. கால்கள் திரும்பவில்லை. விரல்கள் பாதிதான் மடங்குகின்றன.

கேட்டவர்களிடமெல்லாம் நான் சொன்னது ஒன்றுதான்: பெரிய அலை அடித்துத் தூக்கிப் போட்டுவிட்டது. போலீசும் அதையே எழுதிக்கொண்டது. பயிற்சியாளர் எச்சரித்ததை நான் சொல்லவில்லை. அவருடைய வகுப்பை மூடிவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். நண்பனின் மனைவியிடம் அலைக் கதையைச் சொன்னபோது அவன் கட்டிலில் படுத்தபடி என்னையே பார்த்தான். "ஆமா, அலதான்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

அவன் வீடு ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. வாரம் இரண்டு நாள் நான்தான் அவனைத் தூக்கிக்கொண்டு இறங்கி, ஆட்டோவில் பிசியோதெரபிக்குக் கூட்டிப் போகிறேன். முன்பு என்னைவிடக் கனமாக இருந்தவன். இப்போது ஒவ்வொரு மாதமும் லேசாகிக்கொண்டே வருகிறான்.

போன வருடம் ஒருநாள், அவனைக் கட்டிலில் கிடத்திவிட்டு வந்தபோது எனக்குத் தாங்கவில்லை. வராந்தாவில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அவன் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தெரியும்ணா. ஆஸ்பத்திரிலயே இவரு சொல்ட்டாரு."

"அப்புறம் ஏம்மா என்னை ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டு, நீ வராம பூட்டின்னா? மூணு மாடி இவர யாருண்ணா தூக்கிகினு எறங்கறது?" ஒரு சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். "எனக்கு அழறதுக்கே நேரமில்ல. இதுல உன்ன வேற எப்ப திட்டறது?"

உள்ளேயிருந்து அவன் கூப்பிட்டான். "மாமு, கொஞ்சம் ஒருக்களிச்சு வுட்டுட்டு போயேன். கழுத்து நோவுது." போனேன். ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகுக்குத் தலையணை வைத்தேன். நான் வெளியே பேசியது அவன் காதில் விழுந்திருக்கும்.

இந்த வாரமும் போய் வந்தேன். அவர்கள் கதவைத் திறந்து என்னை உள்ளே விடுகிறார்கள். மன்னித்துத்தான் விடுகிறார்களா, வேறு வழியில்லாமல் விடுகிறார்களா என்று கேட்கும் தகுதி எனக்கு இனி எந்த நாளும் வராது.