துணை ஆளுநரின் படத்தில் ஒரு விளக்கு

பாரிசின் லா சப்பலில் என் ஸ்ரூடியோவுக்கு யாராவது தனி ஆள் படத்தைக் கொண்டுவந்து பெரிதாக்கித் தரச் சொன்னால், அது பெரும்பாலும் செத்தவீட்டுக்குத்தான். கலியாணப் படத்தில் இரண்டு பேர் இருப்பார்கள். பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டுப் படத்தில் சொந்தம் முழுவதும் நிற்கும். வயதான ஒருவர் கோட்டுப் போட்டுக்கொண்டு தனியே நேராகப் பார்த்தால் நான் கேள்வி கேட்பதில்லை. பின்னால் நீல வானம், கீழ் மூலையில் எரிகிற குத்துவிளக்கு. கை தானாகச் செய்துவிடும்.

பக்கத்துத் தெருவில் உடுப்புக்கடை வைத்திருந்த சீனப் பெண்மணி 2009இல் குளிர் தொடங்கிய நாளில் தன் அண்ணாவின் படத்தைத் தந்தபோதும் அப்படியே செய்துவைத்தேன். மறுநாள் வந்தவர் விளக்கைத் தொட்டுக் காட்டி, இது என்ன என்று கேட்டார். எங்கள் இருவரிடமும் இருந்தது ஓட்டைப் பிரெஞ்சு. அதை என் ஊர்த் தமிழில்தான் எனக்கு எழுத வருகிறது.

"எங்கடை ஆக்கள் மோசம் போனா இப்பிடித்தான் போடுறனாங்கள், மதாம்."

"என்ரை அண்ணா சாகேல்லை. எங்கடை மாகாணத்துக்குத் துணை ஆளுநரா வந்திருக்கிறார்."

நாக்கைக் கடித்துக்கொண்டேன். நல்ல காலம், அவர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். விளக்கில்லாமல் புதிதாக ஒன்று போட்டுக் கொடுத்தேன். பழையதைக் கிழிக்க மனம் வரவில்லை. உயிரோடு இருக்கிற மனிதரின் முகம் அல்லவா? மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவர்களுடைய ஒவ்வொரு புதுவருடத்துக்கும் பழையதோ புதியதோ ஒரு படத்தோடு வருவார். அண்ணாவின் உத்தியோகம் ஏறிய கதையை நான் படங்களிலேயே படித்தேன். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தவராம். வெள்ளம் வந்த ஒரு வருடம் கிழவர்களைத் தோளில் சுமந்து கரைசேர்த்ததில் மேலிடத்தின் கண்ணில் பட்டாராம். அந்தப் படத்தில் றப்பர் சப்பாத்தோடு, ஒட்டிய கன்னத்தோடு நிற்கிறார். பிறகு பாலம் திறக்கிறார், சிவப்பு நாடா வெட்டுகிறார். வருடா வருடம் முகம் ஊதிக்கொண்டு வந்தது. முடி மட்டும் கறுத்துக்கொண்டே போனது.

"மை பூசுறவர்," என்றார் தங்கச்சி.

"எங்கடை அரசியல்வாதியளும் அதே மைதான் மதாம்," என்றேன்.

அவருடைய கடையில் கல்லாவுக்குப் பின்னால் அண்ணா பெரிதாகத் தொங்கினார். அவர்களுடைய வியாபாரிகள் உள்ளே வந்தால் முதலில் அந்தப் படத்துக்கு ஒரு கும்பிடு, பிறகுதான் பேச்சு. எனக்குப் பொறாமையாக இருந்தது, மறைக்கவில்லை. எனக்கும் ஒரு அண்ணா இருந்தார். அந்த 2009 மே மாதம் வன்னியில் சனத்தோடு சனமாக நடந்து போனதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை. செவ்ரான் புறநகரில் என்னோடு இருக்கும் அம்மா அவருடைய படத்தை அலுமாரியில் வைத்திருக்கிறார். அதைப் பெரிதாக்கித் தரட்டுமோ என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"அவன்ரை படத்துக்கு விளக்கு வைச்சியோ, இந்த வீட்டுப் படி மிதியாதை," என்றார் அம்மா.

ஒரு வருடம் சீனப் பெண்மணி படமில்லாமல் வந்தார். கடைச் சுவரில் அண்ணா இல்லாததை நான் முதலே கவனித்திருந்தேன். கைத்தொலைபேசியை நீட்டினார். நீதிமன்றத்தில் இரண்டு பொலிஸ்காரருக்கு நடுவே ஒரு கிழவர், தலை முழுக்க வெள்ளை. எனக்கு ஆளை மட்டுக்கட்ட முடியவில்லை.

"உள்ளுக்கை மை பூச விடமாட்டினம்," என்றார். "பாலம் கட்டினவங்களிட்டைக் காசு வாங்கினவராம். வாங்கினவர்தான், எனக்குத் தெரியும். என்ரை கடைக்குத் தந்த முதலும் அதிலை வந்ததோ என்னவோ. பதினைஞ்சு வருசச் சிறை."

கும்பிட்ட வியாபாரிகள் இப்போது இவரைக் கண்டால் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போகிறார்களாம். மரத்தால் விழுந்தவனை மாடேறி மிதித்த கதைதான். குற்றம் செய்தது அண்ணா, மிதி வாங்கியது தங்கச்சி.

"அந்த விளக்குப் படம் இருக்கோ?"

லாச்சியைத் திறந்து கொடுத்தேன். இத்தனை வருடமும் பத்திரமாக இருந்தது.

"இதைக் கடையிலை மாட்டப்போறன். செத்துப்போனாரெண்டா ஒருத்தரும் கேள்வி கேளாயினம்."

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. வாடிக்கையாளரின் கையிலிருந்து படத்தைப் பறித்தேன்.

"உங்கடை அண்ணா இப்ப எங்கை இருக்கிறார், மதாம்?"

சிறை இருக்கும் ஊரைச் சொன்னார்.

"காயிதம் போடலாமோ?"

"மாசத்துக்கு ஒண்டு போடலாம். நான் போடேல்லை."

"என்ரை அண்ணா எங்கையெண்டே எனக்குத் தெரியாது. அவருக்கே நாங்கள் இன்னும் விளக்கு வைக்கேல்லை."

குனிந்து வெட்டுக்கத்தியை எடுத்து, விளக்கு இருந்த மூலையை நேராக வெட்டினேன். மிச்சப் படத்தை அவர் பக்கம் தள்ளிவைத்தேன். அவர் அதை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தார். பிறகு பாஸ்போர்ட் படத்துக்கு ஆட்களை இருத்தும் முக்காலியில் போய் இருந்தார்.

"என்னை ஒரு படம் எடுங்கோ. காயிதத்தோடை வைச்சு அனுப்ப."

எடுத்தேன். திரையில் பார்த்தபோது காதோரம் நரை நன்றாகத் தெரிந்தது. எங்கள் பெண்களுக்குக் கேட்காமலே கறுப்பாக்கிவிடுவேன், இவரிடம் கேட்டேன்.

"வேண்டாம், விடுங்கோ," என்றார். "அவருக்கும் இப்ப வெள்ளைதானே."