லல்லா பத்தூலுக்கு ஒதுக்கிய இரண்டு வரிசை

லல்லா பத்தூல் மேல் எனக்குப் பல வருஷக் கோபம். அவர் எழுதிய நாவலில் ஒரு அடுப்புக்காரன் வருகிறான். கல்யாண வீட்டு ரொட்டி முழுவதையும் கருக்கிவிடுகிறான். தெத்துவான் ஊரில் எங்கள் சந்துக்கு ரொட்டி சுடும் அடுப்பு ஒன்றுதான், அது என்னுடையது. ஊர் வேறு யாரைச் சொல்லும்? பள்ளிவாசல் படியில் செருப்பு மாட்டும்போதுகூட, "என்ன அயாஷி, இன்னைக்கு ரொட்டியா கரியா?" என்பார்கள்.

அந்த அம்மா ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதி ஓய்வு பெற்றவர். தனிக்கட்டை. எல்லா வீட்டையும் போலக் காலையில் மாவைத் தட்டி, பலகையில் வைத்து, துணி மூடி அனுப்புவார். சுட்டுக் கொடுப்பேன், முகம் கொடுக்கமாட்டேன். தங்கள் வீட்டுக் கதையையும் எழுதிவிடுவார் என்று சந்துப் பெண்களும் அவரைக் கண்டால் பேச்சை மாற்றுவார்கள்.

அந்த நாவலுக்குத் தலைநகர் ரபாத்தில் பரிசு என்று செய்தி வந்தது. ஒருவரும் போய் வாழ்த்தவில்லை. மறுநாள் பலகையைத் தானே தூக்கி வந்தார்.

"அண்ணே, விழாவுல என் ஆளுங்களுக்குன்னு ரெண்டு வரிசை ஒதுக்கியிருக்காங்க. நான் யாரைக் கூட்டிட்டுப் போவேன்? அது காலியாக் கிடந்தா என்னால மேடையில நிக்க முடியாது. நான் போகலை."

"ரொட்டியைக் கருக்குனவனைக் கூட்டிட்டுப் போங்களேன்," என்றேன்.

"அவன் ஏன் கருக்குனான்னு படிச்சீங்களா?"

"சொல்லக் கேட்டேன்."

"சரியாப் போச்சு! ஊரே கேட்டுட்டுத்தான் திட்டுதா?"

பையிலிருந்த நாவலை எடுத்து, விறகுக் கட்டை மேல் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைப் படித்தார். யாரோ ஒருத்தியின் பிள்ளைக்கு வலிப்பு. அடுப்புக்காரன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறான். திரும்பி வந்தால் ரொட்டி கரி. கல்யாண வீட்டார் அடிக்கிறார்கள். அவன் காரணம் சொல்லவே இல்லை.

"நானா இருந்தா ரொட்டியை வெளியே இழுத்துப் போட்டுட்டுத்தான் ஓடியிருப்பேன்," என்றேன்.

"அப்புறம் கதை எங்க இருக்கு?" என்று சிரித்தார்.

மதியம் ரொட்டி வாங்க வந்தவர்கள் யாருக்கும் பலகையைக் கொடுக்கவில்லை. "ரபாத்துக்கு வர்றேன்னு சொல்லு, ரொட்டி தர்றேன்."

ஹாஜ்ஜா மன்னானா இடுப்பில் கை வைத்தாள். "மாவு எங்களுது, மிரட்டல் உன்னுதா? ரொட்டி ஆறிச்சோ, உன்னைத் தூக்கி அடுப்புல போடுவேன்!"

"போடு. முதல்ல இதைக் கேளு."

தன் ரொட்டிக்கு வந்து நின்ற லல்லா அந்தப் பக்கத்தை மறுபடி படித்தார். மன்னானா முக்காட்டில் மூக்கைத் துடைத்தாள். "இந்த நல்லவனையா கரின்னு சொன்னோம்? பஸ் எத்தனை மணிக்கு?"

ரபாத்தில் இரண்டு வரிசை போதவில்லை. பாதிப் பேர் சுவரோரம் நின்றார்கள். அவர் பெயரைக் கூப்பிட்டதும் எங்கள் பெண்கள் போட்ட குலவையில் கோட்டுப் போட்ட பெரிய மனிதர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். லல்லா கொண்டுவந்த பேச்சுத் தாளைப் பிரிக்கவே இல்லை. "என் ஆளுங்க வந்துட்டாங்க," என்றார், அழுதார், அவ்வளவுதான். என்னைத் தன் ஆள் என்று அத்தனை பேர் முன்னால் வேறு யார் சொன்னார்கள்? நன்றி நான் சொல்லவேண்டியது. அதன் பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவர்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

குளிர்காலத்தில் நுரையீரலில் சளி கட்டிப் படுத்துவிட்டார். சூப் கொண்டுபோன அன்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, பின்தெரு மருந்துக்கடை ஷுஐப் கவிதை எழுதுறான். சுமாராத்தான் எழுதுறான். ஆனாலும் அவனை எங்கயாவது மேடைக்குக் கூப்பிட்டா, நம்ம ஜனங்களைக் கூட்டிட்டுப் போய் முன்னாடி உட்காருங்க."