தலைப்பில்லாத கட்டம்

அத்தையின் நீல அட்டை நோட்டில் பக்கத்துக்கு நான்கு கட்டங்கள். பெயர், தகப்பன் பெயர், உள்ளே வந்த நாள். நான்காவதற்குத் தலைப்பே கிடையாது. 'கதவடி', 'ஜன்னல் கீழ்', 'கக்கூஸ் ஓரம்' என்று பென்சிலில் எழுதியிருப்பார்.

லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து சனிக்கிழமைதோறும் அத்தை சர்ச் பெண்கள் இருவரோடு சிறைக்குப் போவார். கொண்டுபோனவை: சோப்பு, சொறிக்கு மருந்து, தெலுங்கு பைபிள். கொண்டுவந்தவை: பெயர்கள். ஞாயிறு ஆராதனைக்கு முன் அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபிப்பார். வழக்கு விசாரணையே தொடங்காமல் வருடக்கணக்கில் கிடந்தவர்கள் அவர்கள். மல்லாந்து படுக்க இடமில்லாததால் எல்லோரும் ஒருக்களித்தே படுப்பார்கள். ஒருவர் திரும்பினால் வரிசையே திரும்ப வேண்டும். ஒருவருக்குச் சொறி வந்தால் எல்லோருக்கும் வரும்.

நான் மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலைக்குச் சேர்ந்த வருடம், எங்கள் சர்ச் வக்கீலம்மா இவர்களை ஜாமீனில் விடக் கேட்டு மனுப் போட முன்வந்தார். பட்டியலைத் தட்டச்சு செய்ய நானே கேட்டு வாங்கினேன். நான்காவது கட்டம் கோர்ட்டுக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன். பிறகு, ஒரே மாதிரி இருந்த வரிகளை அலுவலகப் பழக்கத்தில் ஒன்றாக்கினேன். பட்டியல் அழகாக இருந்தது.

ஜாமீன் கிடைத்துப் பலர் வெளியே வந்த பிறகுதான் அத்தை அந்தத் தாளை விரல் வைத்துப் படித்தார்.

"ஏட்டி, இன்னொரு எல்லையா எங்க?"

"ரெண்டும் ஒண்ணுதான அத்தை? அப்பா பேரு மல்லையா. தேதியும் ஒண்ணு."

"ஒரே நாள்ல போலீஸ் அள்ளிட்டு வந்தா ஒரே ஆளாயிருவானா? ஒருத்தன் கதவடியில படுக்கான், ஒருத்தன் கக்கூஸ் ஓரத்துல படுக்கான். எழுதித்தான வச்சிருக்கேன்! உன் கம்ப்யூட்டருக்குக் கண்ணு நக்கோவாக்கும், வேண்டாமாக்கும்?"

கதவடி எல்லையா வீட்டுக்குப் போய்விட்டார். மற்றவர் உள்ளேயே இருந்தார்.

அடுத்த சனிக்கிழமை நானே போய், உங்கள் வரியை அழித்தது நான்தான் என்று அவரிடம் சொன்னேன். முழங்கையைச் சொறிந்துகொண்டே தெலுங்கில் கேட்டார்: "படுக்கத்தான் எடமில்லன்னு நெனச்சேன். காகிதத்துலயும் இல்லியாம்மா?" கம்பிக்கு அந்தப்பக்கம் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவருக்கான மனு முடிய மேலும் நான்கு மாதம் ஆயிற்று. அத்தனை நாளும் அவர் படுத்தது அதே கக்கூஸ் ஓரத்தில்.

இப்போது அத்தைக்கு முழங்கால் வலி. சனிக்கிழமைகளில் நான் போகிறேன். பட்டியல் கணினியில் இருக்கிறது. எங்கே படுக்கிறார் என்பதுதான் அதில் முதல் கட்டம். நீல நோட்டையும் பையில் வைத்துக்கொள்கிறேன். அதில் எல்லையாவின் வரியில் 'கக்கூஸ் ஓரம்' அடிக்கப்பட்டிருக்கிறது. நாச்சாரத்தில் அவர் வீட்டைத் தேடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்த அன்று, அதற்கு மேல் அத்தை பென்சிலில் எழுதியது: 'ஃபேனுக்கு நேர் கீழே. மல்லாந்து.'