பதினான்கு பக்கத் திட்டமும் ஓர் ஓலைக் கடுக்கனும்

காலை 7.30. காரைநகரிலிருந்து பாதை புறப்பட்டது. ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஊர்காவற்றுறைக்கு ஏற்றிச் செல்லும் மிதவையைத்தான் நாங்கள் பாதை என்கிறோம். கட்டணம் இல்லை, பத்து நிமிடத்தில் அக்கரை. என் பையில் ஆறு மென்பந்துகளும் பதினான்கு பக்கத் திட்டம் ஒன்றும் இருந்தன. பொழுதுபோக்குச் சிகிச்சை படிக்கிறேன். விளையாட்டையும் பாட்டையும் கைவேலையையும் கொண்டு நோயாளியைத் தேற்றி எடுக்கிற படிப்பு. நாரந்தனையில் ஒரு முதியோர் பகல் நிலையத்தின் பொறுப்பாளர் இன்று என் திட்டத்தில் கையெழுத்திட வேண்டும். இல்லாவிட்டால் திங்கட்கிழமை பயிற்சி தொடங்காது, அரை வருடம் வீணாகிவிடும். கையெழுத்துக் கிடைக்குமா என்று நான் யோசிக்கவே இல்லை. அவ்வளவு நல்ல திட்டம்.

"உந்தப் பந்தெல்லாம் ஆருக்குப் பிள்ளை?" என்று பாதை ஓட்டும் அண்ணை கேட்டார்.

"வயசு போன ஆக்களுக்கு, அண்ணை."

"கவனம், உமக்குத்தான் எறிவினம்."

8.10. ஊர்காவற்றுறையில் பஸ் ஏறினேன். நாரந்தனைக்கு நாலைந்து கிலோமீற்றர், நாற்பது ரூபாய். வழியெல்லாம் பனைகள், பூட்டிய வீடுகள். பூட்டிய வீடுகளின் கேற்றுகளுக்குத்தான் புதுப் பெயின்ற். வெளிநாடு போன ஊராரின் காசு வாசலிலேயே தெரிகிறது.

9.00. பொறுப்பாளர் அக்கா திட்டத்தைப் புரட்டிப் பார்த்தார். "எழுத்து நல்லாயிருக்கு. ஆக்களோட ஒருக்காச் செய்து காட்டும், பிறகு பாப்பம்."

கதிரைகளை வட்டமாகப் போட்டுப் பந்துகளைக் கொடுத்தேன். "இதில ஆருக்கும் தோல்வி இல்லை," என்று பெருமையாக அறிவித்தேன். சிவலிங்கத்தார் பந்து உருண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெற்கே காலி நகரில் முப்பது வருடம் கடை நடத்தியவர். பாரிசவாதத்தில் வலக்கை தளர்ந்துவிட்டது. உயர்த்திப் பழகும்படி வைத்தியர் சொன்னாலும் அவருடைய பதில் ஒன்றுதான் என்று அக்கா சொல்லியிருந்தார்: ஏலாது.

"தோக்கிறதுக்கு ஆளில்லாட்டி அது என்ன விளையாட்டு, பிள்ளை?" என்றார்.

பத்து நிமிடத்தில் அவரும் இன்னும் மூன்று பேரும் கதிரைகளைத் திருப்பிப் போட்டு 304 ஆடத் தொடங்கிவிட்டார்கள். யாழ்ப்பாணத்தான் கூடுகிற இடமெல்லாம் ஆடும் சீட்டாட்டம் அது. அக்கா கையெழுத்திடாமலே திட்டத்தை என்னிடமே திருப்பித் தந்தார். பந்துகளைப் பொறுக்கும்போது எல்லார் மீதும் கோபம் வந்தது, என்மீதுதான் கூட.

10.15. ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் தேத்தண்ணீர் குடிக்க எழுந்தார். அந்தக் கதிரையில் நான் உட்கார்ந்தேன். வீட்டில் மாமாமாரை வெல்லுகிறவள் நான், இவர்கள் எம்மாத்திரம்? இரண்டு ஆட்டத்தில் என்னைத் துடைத்துப் போட்டார்கள்.

தோற்றவருக்குக் கடுக்கன் போட வேண்டும். கீறிய பனையோலைத் துண்டொன்றை வென்றவர் தோற்றவரின் காதில் மாட்டிவிடுவார். சிவலிங்கத்தார் இடக்கையால் ஓலையை எடுத்தார், பிறகு நிறுத்திக்கொண்டார். "பொம்பிளைப் பிள்ளைக்கு இடக்கையால போடுறது மரியாதையில்லை," என்று வலக்கைக்கு மாற்றினார். "கொஞ்சம் குனியும்."

அப்போதுதான் என் படிப்பு எனக்கு உதவியது.

"ஏலாது, ஐயா," என்றேன்.

அவர் என்னை முறைத்தார். நான் நிமிர்ந்தே இருந்தேன். கை மெல்லக் கிளம்பியது. மேசை, நெஞ்சு, தோள். முழங்கை நடுங்கியது. மற்றவர்கள் சீட்டைக் கீழே வைத்துவிட்டார்கள். ஓலை என் கன்னத்தில் உரசி, ஒருமுறை தவறி, காதில் ஏறியது.

"ஓம், இப்ப வடிவு," என்றார். என் கண் கலங்கிவிட்டது. தோற்ற துக்கம் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.

பார்த்துக்கொண்டு நின்ற அக்கா திட்டத்தைத் திரும்ப வாங்கினார். முதல் பக்கத்தை ஒரே கோடாக வெட்டி, மேலே '304' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "மிச்சம் பதிமூண்டையும் அவையிட்டையே கேட்டு எழுதும்."

மதியம் 12.40. திரும்பும் பாதையில் அதே அண்ணை என் காதைப் பார்த்துவிட்டார்.

"ஆரிட்டைத் தோத்தனீர்?"

"நாரந்தனையில ஒரு ஐயாட்டை. திங்கட்கிழமையும் தோக்கப் போறன், அண்ணை. அதுக்குத்தான் கையெழுத்து வாங்கினனான்."

காரைநகர் வந்தது. பந்துப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, கடுக்கனைக் கழற்றாமலே இறங்கினேன்.