சட்டைப் பையில் சீனிக்கட்டி

தொண்ணூறுகளில், இத்தாலியின் பலெர்மோ நகரிலிருந்து மொண்டெல்லோ கடற்கரைக்குப் போகும் காலை பஸ்ஸில் ஒரு நெடுந்தீவுக்காரர் என் பக்கத்தில் அமர்வார். குதிரை வைத்தியர் ஒருவரிடம் வேலை. ஒடிசலான ஆள், சட்டைப் பை மட்டும் சீனிக்கட்டிகளால் புடைத்திருக்கும். வழியில் வண்டிக் குதிரையைக் கண்டால் இறங்கி ஊட்டிவிட்டு, அடுத்த பஸ்ஸில்தான் வருவார்.

ஒருமுறை வைத்தியர் அவரை மொங்கோலியாவுக்குக் கூட்டிப் போனார். மிருகக்காட்சிச்சாலைகளில் பிறந்த காட்டுக் குதிரைகளை, அவற்றின் பூர்வீகப் புல்வெளியில் கொண்டுபோய் விடுகிற வேலை. வாடிய முகத்தோடு திரும்பினார்.

"படலையைத் திறந்தும் ஒண்டும் போகேல்லை, தம்பி. காலுக்குக் கீழை புல்லு, கண் என்ரை தீன் வாளியிலை."

"பாவம், பழகிப்போச்சுதாக்கும்."

"எங்கடை நெடுந்தீவிலை தன்பாட்டிலை திரியிற குதிரையளுக்கு ஆர் வாளியிலை தீன் வைச்சது? நான் வாளியை ஒளிச்சுப்போட்டு வந்திட்டன்."

அடுத்த வருடமும் போய்வந்தார். பஸ்ஸில் ஏறும்போதே சிரிப்பு.

"உங்களை அடையாளம் கண்டதுகளோ, அண்ணை?"

"என்னைக் கண்டதுதான், எடுத்துதுகள் ஓட்டம்! தூசிதான் மிச்சம். இனி அதுகள் தப்பிப் பிழைக்குங்கள்."

தன்னைவிட்டு ஓடியதற்காக இவ்வளவு மகிழ்ந்த ஒருவரை நான் பிறகு கண்டதேயில்லை. பிள்ளை பிறந்த வீட்டுக்காரரைப் போல, பஸ் முழுவதும் சீனிக்கட்டி கொடுத்தார். என்ன விசேஷம் என்று கேட்காமலே சாரதியும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார்.