அப்பாவின் வகுபடாத நம்பர்

அப்பாவுக்கும் எனக்கும் பேச்சு குறைவு. ரிங் கட்தான். பெரகலைக்குக் கீழே தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் அவர் தனியாக இருந்தார். பண்டாரவளையில் வாடகை அறையில் நான், கணக்கு டீச்சர். மாலை ஆறு மணிக்கு என் போன் இரண்டு தடவை அடித்து நின்றுவிடும். ‘இருக்கேன்’ என்று அர்த்தம். தப்பித்தவறி எடுத்துவிட்டால் அவ்வளவுதான். “எதுக்குப் புள்ள எடுத்த? காசு போகுதுல்ல!” என்று கத்துவார்.

இரண்டு சிம்மும் ஒரே கடையில் ஒன்றாக வாங்கியவை. அவர் எண்ணுக்கும் என் எண்ணுக்கும் இரண்டுதான் வித்தியாசம். நடுவில் இருந்ததைக் கடைக்காரர் யாருக்கு விற்றாரோ.

போன வருடம் அப்பா போய்ச் சேர்ந்தார். சவப்பெட்டிக்குள் வெற்றிலைப் பையை வைத்தபோது, “இதையும் கொண்டுட்டுப் போகட்டும், பாவம்” என்று சித்தப்பா போனையும் வைத்துவிட்டார். எனக்குத் தடுக்கத் தோன்றவில்லை.

அதன் பிறகு ஆறு மணிக்கு நான் அவருக்குப் போன் போட ஆரம்பித்தேன். போன் அணைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு குரல் சொல்லும். பைத்தியக்காரத்தனம்தான், தெரியும்! ஆனால் பாவிக்காத நம்பரைக் கொஞ்ச நாளில் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்களாம். அப்படிக் கொடுத்துவிட்டார்களா என்று தினமும் பார்த்துக்கொண்டேன்.

பள்ளி விடுமுறையில் பேச ஆளில்லாமல், முன்னாலிருக்கும் சைபரை விட்டுவிட்டு அந்த எண்ணை வகுக்க உட்கார்ந்தேன். மூன்றால் போகவில்லை, ஏழால் போகவில்லை. அதன் வர்க்கமூலம் வரைக்கும் உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். அதுவே இருபத்தெட்டாயிரத்தை ஒட்டி வந்தது. கம்ப்யூட்டர் நொடியில் சொல்லிவிடும். எனக்கென்ன அவசரம், யார் காத்திருக்கிறார்கள்? கால்குலேட்டரில் ஒவ்வொன்றாகத் தட்டினேன். கடைசிவரை மீதி வந்துகொண்டே இருந்தது. ஒன்றையும் தன்னையும் தவிர எதற்கும் அடங்காத எண். அப்பாவேதான்! என்னுடையதும் அப்படியே. இரட்டைப் பகா எண்கள் என்போம். எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் நடுவில் ஓர் இரட்டை எண் நிற்கும், ஒட்டவே ஒட்டாது. அன்றைக்கு நன்றாக அழுதேன்.

போன வாரம் ஆறு மணிக்குப் போட்டபோது மறுபக்கம் ரிங் போனது. சட்டென்று வெட்டிவிட்டேன். உடனே என் போன் அடித்தது. திரையில் ‘அப்பா’.

“யாருங்க, ரிங் கட் குடுத்தீங்களே?” ஒரு பெண்ணின் குரல்.

“நீங்க எங்கிருந்துங்க?”

“வெலிமடைங்க. கேரட் தோட்டத்துல நிக்கிறேன். சிம் நேத்துதான் போட்டேன். யாரு வேணும் ஒங்களுக்கு?”

“யாரும் இல்லீங்க. இந்த நம்பர மட்டும் மாத்திறாதீங்க.”

“ஏங்க?”

“நல்ல நம்பருங்க.”

அவள் சிரித்தாள். “சரிங்க, மாத்தல. வேணும்னா ரிங் கட் குடுத்துப் பாத்துக்குங்க.”

மறுநாள் ஆறு மணிக்குக் கொடுத்தேன். இரண்டு தடவை அடித்ததும் வெட்டினேன். அவள் எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் என் போன் இரண்டு தடவை அடித்து நின்றது. நானும் எடுக்கவில்லை.